11,000 மீட்டர் ஆழம் யாருடைய மணிக்கட்டுக்கு?

கேள்வி: புதுச்சேரியில் ஸ்கூபா பயிற்சியை முடித்திருக்கிறேன். வரும் ஜனவரியில் அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குச் சென்று கடலில் இறங்கப் போகிறேன். ஐம்பதாவது பிறந்த நாளுக்கென்று பல ஆண்டுகளாகச் சேர்த்த பணத்தில், 11,000 மீட்டர் ஆழம் தாங்கும் ஒரு சுவிஸ் டைவ் வாட்ச் வாங்க ஆசைப்படுகிறேன். விலை 20 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. வெறும் பகட்டு என்கிறார் என் மனைவி. தொழில்முறை முக்குளிப்போருக்காகவே செய்யப்பட்ட கருவி, காலத்துக்கும் உழைக்கும் என்கிறார் என் நண்பர். இருவரில் யார் சொல்வது சரி? (வாசகர், புதுச்சேரி)

பதில்:

அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் பிறகு விரிவாக எழுதுகிறேன். உங்கள் நண்பர் சொல்வது ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு முழு உண்மையாக இருந்தது. இன்று அது பாதி உண்மைகூட இல்லை. உங்கள் மனைவி சொல்வது பெரும்பாலும் சரி; ஆனால் அவர் சொன்ன "வெறும்" என்ற சொல்லை மட்டும் நான் ஏற்க மாட்டேன், ஏனெனில் அந்தக் கடிகாரத்துக்குள் இருக்கும் வேலைப்பாடு மெய்யானது. சென்னையில் 30 ஆண்டுகளுக்கு மேலாகக் கடிகாரங்களைத் திறந்து மூடுவதையே தொழிலாகக் கொண்டிருக்கிறேன். விலை உயர்ந்த கடிகாரங்கள் கடைக் கண்ணாடிப் பெட்டியில் மின்னும் நாளில் என்னிடம் வருவதில்லை. தண்ணீர் புகுந்து, முள் துருப்பிடித்து நின்ற பிறகுதான் வருகின்றன. அந்த அனுபவத்தை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முக்குளிப்பவருக்குக் கடிகாரம் எதற்கு என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஆழத்தில் நாம் சுவாசிக்கும் காற்றில் உள்ள நைட்ரஜன், அழுத்தத்தின் காரணமாக இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. அனுமதிக்கப்பட்ட நேரத்துக்கு மேல் கீழே இருந்துவிட்டு வேகமாக மேலேறினால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் அது குமிழ்களாகப் பிரிந்து மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும் என்பதை உங்கள் பயிற்சியாளர் நிச்சயம் சொல்லியிருப்பார். 1950களில் முக்குளிப்பவரைக் காத்தவை மூன்று: ஆழமானி, கடிகாரம், எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று சொல்லும் அட்டவணை. இவற்றில் கடிகாரம் பொய் சொன்னால் மற்ற இரண்டும் பயனற்றவை.

பிளான்க்பேன் என்ற சுவிஸ் கடிகார நிறுவனத்தை அந்நாளில் நடத்திய ஜான்-ஜாக் ஃபியெக்டர் தாமே கடலில் இறங்குபவர். தென் பிரான்சின் கடலுக்குள் நேரத்தை மறந்து, காற்று தீர்ந்துபோய், அவசரமாக மேலேறி உயிர் தப்பிய அனுபவம் அவருக்கு உண்டு. அதே காலத்தில் பிரெஞ்சுக் கடற்படையின் போர்முக்குளிப்போர் அணியை உருவாக்கிய ராபர்ட் மலூபியே, குளோத் ரிஃபோ ஆகிய இருவரும் தங்கள் வீரர்களுக்கு ஏற்ற கடிகாரத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இந்த இரண்டு தேவைகளும் சந்தித்ததில் 1953இல் பிறந்ததுதான் "ஃபிஃப்டி ஃபேதம்ஸ்". 50 ஃபேதம் என்பது ஏறத்தாழ 91 மீட்டர். அதே ஆண்டு ரோலெக்ஸின் சப்மரினரும் உருவானது. கறுப்பு முகப்பு, இருட்டில் ஒளிரும் பருத்த முட்கள், நிமிடங்களைக் குறித்த சுழலும் வளையம் ஆகிய மூன்றும் அப்போது அமைந்தவை. இன்றுவரை எந்த டைவ் வாட்சும் அந்த உருவத்தைவிட்டு அதிகம் விலகவில்லை.

அந்தச் சுழலும் வளையத்தை, பெசல் என்று நாங்கள் சொல்வதை, சற்று உற்றுப் பாருங்கள். தண்ணீரில் இறங்கும்போது அதன் முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பி வைத்தால், பிறகு எப்போது பார்த்தாலும் இறங்கி எத்தனை நிமிடம் ஆயிற்று என்று கணக்குப் போடாமலே தெரியும். நல்ல டைவ் வாட்சில் அந்த வளையம் ஒரு பக்கமாக மட்டுமே திரும்பும். பாறையிலோ ஏணியிலோ இடித்துத் தானாகத் திரும்பினாலும், கழிந்த நேரத்தை அது கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. ஐந்து நிமிடம் முன்னதாக மேலே வந்தால் ஒரு பவளப் பாறையைப் பார்க்காமல் விட்டிருப்போம், அவ்வளவுதான். ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் வரும் கேடு வேறு. மனித உயிரை மனத்தில் வைத்துச் செய்த இத்தகைய சிறிய ஏற்பாடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தொழில்மீது மதிப்பு கூடுகிறது. 1967இல் வந்த டோக்ஸா சப் 300டி கடிகாரத்தின் வளையத்தில் அமெரிக்கக் கடற்படையின் அட்டவணையையே பொறித்திருந்தார்கள். 60 அடி ஆழத்துக்கு 60 நிமிடம் என்பதைக் கையிலேயே படிக்கலாம். தண்ணீருக்குள் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அதன் முகப்பை ஆரஞ்சு நிறத்தில் அமைத்தார்கள். அந்தக் காலத்தில் அதை வாங்கியவரைப் பார்த்து யாரும் பகட்டு என்று சொல்லியிருக்க முடியாது.

1983இல் டைவ் கம்ப்யூட்டர் சந்தைக்கு வந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது கடிகாரத்தின் வேலையை முழுவதுமாக வாங்கிக்கொண்டது. அது ஆழத்தை ஓயாமல் அளந்து, உடலில் எவ்வளவு நைட்ரஜன் சேர்ந்திருக்கும் என்று கணக்கிட்டு, இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று சொல்கிறது. வேகமாக மேலேறினால் கூவி எச்சரிக்கிறது. நீங்கள் வாங்க நினைக்கும் கடிகாரத்தால் 11,000 மீட்டரைத் தாங்க முடியும். ஆனால் நீங்கள் 12 மீட்டரில் இருக்கிறீர்களா 28 மீட்டரில் இருக்கிறீர்களா என்பது அதற்குத் தெரியாது. அந்தமானில் உங்கள் உயிரைக் காக்கப் போவது அந்த விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கும் அந்தச் சின்னப் பெட்டிதான் என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

இனி ஆழக் கணக்குக்கு வருகிறேன். உலகெங்கும் பயிற்சி அமைப்புகள் தொடக்கநிலை முக்குளிப்பவருக்கு 18 மீட்டரையும், மேல்நிலைப் பயிற்சி பெற்றவருக்கு 30 மீட்டரையும், பொழுதுபோக்காக இறங்குபவர்கள் அனைவருக்கும் 40 மீட்டரையும் எல்லையாக வைத்திருக்கின்றன. சிலிண்டர் கட்டிக்கொண்டு மனிதர் இறங்கிய மிகப் பெரிய ஆழமாகப் பதிவாகியிருப்பது, எகிப்தின் அகமது கப்ர் 2014 செப்டம்பரில் செங்கடலில் தொட்ட 332 மீட்டர். இறங்க அவருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. திரும்பி மேலேற 13 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அழுத்தக் கூண்டுகளில் நாள்கணக்கில் வாழ்ந்து, ஹீலியமும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவைச் சுவாசித்து, பிரான்சின் கோமெக்ஸ் நிறுவனத்தின் முக்குளிப்போர் 1988இல் மர்சேய் நகருக்கு அப்பால் கடலில் 534 மீட்டர்வரை சென்றார்கள். 1992இல் தரையில் உள்ள அழுத்த அறையில் ஒருவர் 701 மீட்டருக்கு ஈடான அழுத்தத்தைத் தாங்கினார். மனித உடல் இதுவரை தொட்ட எல்லை அதுதான். அதற்கு மேல் கடிகாரத்தில் எழுதியிருக்கும் ஒவ்வொரு மீட்டரும், அதைக் கட்டியிருக்கும் கை ஒருபோதும் போய்ச் சேராத இடத்தைக் குறிக்கிறது. டைட்டானிக் கப்பல் கிடப்பது ஏறத்தாழ 3,800 மீட்டரில். 2008இல் வந்த ரோலெக்ஸ் டீப்சீ 3,900 மீட்டரைத் தாங்கும்.

அப்படியானால் 11,000 மீட்டர் எங்கிருந்து வந்தது? 1960 ஜனவரி 23 அன்று ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் திரியெஸ்தே என்ற ஆழ்கடல் கலத்தில் உலகக் கடல்களிலேயே மிக ஆழமான, ஏறத்தாழ 11,000 மீட்டர் ஆழமுள்ள மரியானா அகழியின் அடிவரை சென்றபோது, கலத்தின் வெளிப்புறத்தில் ரோலெக்ஸ் ஒரு சோதனைக் கடிகாரத்தைப் பொருத்தி அனுப்பியது. கோலிக்குண்டைப் பாதியாக அறுத்து ஒட்டியதுபோல் புடைத்த கண்ணாடியுடன், எந்த மனிதரும் அன்றாடம் கையில் கட்ட முடியாத உருவத்தில் அது இருந்தது. மேலே வந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. 2012இல் திரைப்பட இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் அதே அகழிக்குத் தனியாக இறங்கியபோது, அவருடைய கலத்தின் இயந்திரக் கையில் இன்னொரு சோதனைக் கடிகாரம் போனது. 2019இல் அமெரிக்க ஆழ்கடல் பயணி விக்டர் வெஸ்கோவோவின் கலத்தோடு ஒமேகாவின் கடிகாரங்கள் 10,900 மீட்டரைத் தாண்டின. 2022இல் இரண்டு நிறுவனங்களும் அந்தப் பரிசோதனைகளின் வழித்தோன்றல்களை விற்பனைக்குக் கொண்டுவந்தன. ஒமேகாவின் அல்ட்ரா டீப் 6,000 மீட்டர் தாங்கும். ரோலெக்ஸின் டீப்சீ சேலஞ்ச் 11,000 மீட்டர். நீங்கள் குறிப்பிடுவது இரண்டாவதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். அறிமுகமானபோது அமெரிக்காவில் அதன் விலை 26,000 டாலர் அளவில் இருந்தது.

ஒரு தொழிலாளியாக அதன் செய்நேர்த்தியை நான் வணங்குகிறேன். அந்த ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீதும், அதாவது உங்கள் கட்டைவிரல் நகத்தின் அளவுக்கும் குறைவான இடத்தின்மீது, ஒரு டன்னுக்கு மேற்பட்ட பாரம் அழுத்துகிறது. அதைத் தாங்குவதற்காகக் கண்ணாடியை 9.5 மில்லிமீட்டர் தடிப்பில் வைத்திருக்கிறார்கள். சாதாரணக் கைக்கடிகாரம் முழுவதுமே அந்தத் தடிப்பில் முடிந்துவிடும். கூடு டைட்டானியத்தில் செய்தது. விட்டம் 50 மில்லிமீட்டர், மொத்தத் தடிப்பு 23 மில்லிமீட்டர், எடை சுமார் 250 கிராம். உத்தரவாதம் தந்த ஆழத்தைவிட 25 விழுக்காடு கூடுதலாக, 13,750 மீட்டருக்கு ஈடான அழுத்தத்தில், ஒவ்வொரு கடிகாரத்தையும் சோதிக்கிறார்கள். அதற்கென்றே கோமெக்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து தனி அழுத்தக் கலத்தை உருவாக்கியிருக்கிறார்கள். இதில் ஏமாற்று ஏதும் இல்லை. எழுதியிருக்கும் எண்ணுக்கு அந்தப் பொருள் உரியது. அந்த எண் உங்களுக்கு உரியதா என்பதே கேள்வி.

நண்பர் சொன்ன "தொழில்முறை" என்ற சொல்லையும் சற்று ஆராய வேண்டும். எண்ணெய்க் கிணறுகளில் பணிபுரியும் சாச்சுரேஷன் முக்குளிப்போர் வாரக்கணக்கில் அழுத்த அறையிலேயே தங்கி, ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசித்து, அங்கிருந்து கூண்டில் இறங்கிக் கடலடியில் வேலை செய்கிறார்கள். ஹீலியம் அணு மிகச் சிறியது. ரப்பர் வளையங்களின் வழியே மெல்லக் கடிகாரத்துக்குள் ஊடுருவிவிடும். பணி முடிந்து அறையின் அழுத்தத்தைக் குறைக்கும்போது, உள்ளே சிக்கிய ஹீலியம் வெளியேற வழியில்லாமல் கண்ணாடியையே பிடுங்கி எறிந்துவிடும். இதற்குத் தீர்வாகத்தான் 1967இல் ரோலெக்ஸ் சீ-டுவெல்லரில் ஹீலியம் வெளியேறும் வால்வு வந்தது. அந்தக் கடிகாரம் 610 மீட்டர் தாங்கும்.

இதே சிக்கலை ஜப்பானியர்கள் வேறு விதமாகத் தீர்த்தார்கள். 1968இல் ஹிரோஷிமா மாகாணத்தின் குரே நகரைச் சேர்ந்த ஒரு முக்குளிப்பவர், இப்போதுள்ள கடிகாரங்கள் 300 மீட்டருக்குக் கீழான பணிக்குத் தாங்குவதில்லை என்று செய்கோ நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். உங்கள் கடிதத்தைப் போல அதுவும் ஒரு பயனாளரின் கேள்விதான். ஏழாண்டு உழைப்புக்குப் பிறகு 1975இல் செய்கோ தந்த பதில், டைட்டானியக் கூடு கொண்ட 600 மீட்டர் கடிகாரம். அதில் ஹீலியத்தை உள்ளே விடாத அளவுக்கு இறுக்கமான, 'எல்' எழுத்து வடிவிலான ரப்பர் வளையத்தை அமைத்ததால், வால்வே தேவைப்படவில்லை. உள்ளே வந்ததை வெளியே விடுவதற்கு ஒரு துளை போடுவதைவிட, உள்ளேயே வரவிடாமல் தடுப்பது எனக்கு இன்றும் மேலான தீர்வாகத் தோன்றுகிறது. நகரத்தில் வாழ்பவரின் கடிகாரத்தில் ஹீலியம் வால்வு என்பது ஒரு துளை, ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர் வளையம், அதாவது காலப்போக்கில் பழுதாகக்கூடிய இன்னோர் இடம், அவ்வளவே.

அரபிக் கடலின் எண்ணெய்த் தளங்களில் பணியாற்றிய சாச்சுரேஷன் முக்குளிப்பவர் ஒருவர் பல ஆண்டுகள் எனக்கு வாடிக்கையாளராக இருந்தார். அவர் என்னிடம் கொண்டுவந்ததெல்லாம் சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள, பட்டை வெடித்த குவார்ட்ஸ் கடிகாரங்கள்தான். அழுத்த அறைக்குள் உணவு நேரத்தையும் பணி மாற்றத்தையும் பார்க்க மட்டுமே கடிகாரத்தைப் பயன்படுத்துவதாக அவர் சொன்னார். தண்ணீருக்குள் இருக்கும்போது அவருடைய ஆழம், நேரம், வாயு மூன்றையும் கப்பலில் அமர்ந்திருக்கும் மேற்பார்வையாளர் கண்காணித்து, தொலைபேசிக் கம்பி வழியே சொல்லிக்கொண்டிருப்பார். உலகின் மிகக் கடினமான முக்குளிப்புத் தொழிலில் இருந்த அவர் கையில் பெயர் பெற்ற சுவிஸ் கடிகாரத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். 600 மீட்டர் தாங்கும் விலை உயர்ந்த கடிகாரம் ஒன்று என் மேசைக்கு வந்தது. கண்ணாடியின் உட்புறம் முழுவதும் பனிபோல் நீர்த்துளிகள். முகப்பில் பூசியிருந்த ஒளிப்பூச்சு கரும்புள்ளிகளாகிவிட்டது. உரிமையாளர் அதைக் கடலுக்கே கொண்டுபோகவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியில் காலை உணவின்போது நேரத்தைத் திருத்தியிருக்கிறார். கடிகாரத்தின் பக்கவாட்டில் உள்ள சாவித் திருகைத் திரும்ப உள்ளே தள்ளி முறுக்கி மூடாமல், குழந்தையோடு நீச்சல் குளத்தில் இறங்கியிருக்கிறார். இடுப்பளவுத் தண்ணீர்தான். பின்மூடியைத் திறந்தபோது குளோரின் வாடையோடு கால் தேக்கரண்டித் தண்ணீர் என் தட்டில் வடிந்தது. 600 மீட்டர் என்பது அந்தத் திருகு மூடியிருக்கும்போது மட்டும்தான்.

ஆகவே ஒரு கடிகாரம் நடைமுறையில் தண்ணீரைத் தாங்குமா என்பதை முகப்பில் எழுதிய எண்ணைவிட அதிகமாகத் தீர்மானிப்பவை, சில பத்து ரூபாய் பெறாத ரப்பர் வளையங்கள்தான். வியர்வை, உப்பு, சோப்பு, வெந்நீர் ஆகியவற்றால் அவை காய்ந்து இறுகுகின்றன. ஐந்தாறு ஆண்டுகளில் நகத்தால் கீறினால் உதிரும் நிலைக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன். இதைக் கண்டுபிடிக்க என்னிடம் இருப்பது எளிய கருவி. ஓர் அக்ரிலிக் உருளையில் பாதியளவு தண்ணீர். அதற்கு மேலே, காற்றுப் பகுதியில், கடிகாரத்தைத் தொங்கவிட்டு மூடியை இறுக்கி, கைப்பம்பால் அழுத்தத்தை ஏற்றுவேன். சில நிமிடம் காத்திருந்துவிட்டுக் கடிகாரத்தைத் தண்ணீருக்குள் இறக்கி, அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பேன். எங்காவது ஓட்டை இருந்தால், முன்பே உள்ளே புகுந்த காற்று இப்போது ஊசிமுனைக் குமிழ்களாகச் சாரை சாரையாக வெளியே வரும். பெரும்பாலும் சாவித் திருகின் அடியிலிருந்துதான் வரும். சில வேளை கண்ணாடி விளிம்பிலிருந்து. முதல் குமிழ்வரிசையைக் கண்டதும் கடிகாரத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட வேண்டும். இல்லையென்றால் அதே வழியில் தண்ணீர் உள்ளே போய்விடும். இந்தச் சோதனைக்கு ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். ஆனால் எத்தனை லட்சம் கொடுத்து வாங்கியவரும் ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்துகொள்வதில்லை.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கலையும் கவனியுங்கள். என் கருவி 10 பார் அழுத்தம்வரை, அதாவது 100 மீட்டர் ஆழத்துக்கு ஈடாக, சோதிக்கும். அதைவிட வலிய கருவிகள் பெரிய சேவை மையங்களில் உண்டு. ஆனால் 1,000 பாருக்கு மேல் சோதிக்கும் வசதி நம் ஊர்க் கடிகார மேசை எதிலும் இருக்காது. ஆகவே அந்தக் கடிகாரத்தை நிறுவனத்தின் சேவைக்கு வெளியே யாராவது ஒருமுறை திறந்துவிட்டால், பிறகு 11,000 மீட்டர் என்பது முகப்பில் எழுதியிருக்கும் எழுத்து மட்டுமே. சிறு பழுதுக்கும் நிறுவனத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அதற்கான செலவையும் காத்திருப்பையும் வாங்கும் விலையோடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

இதற்கிடையில் இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்கிறார்கள். தண்ணீரில் கையை வீசும்போது அழுத்தம் பல மடங்கு கூடுகிறது, ஆகவே 20 மீட்டருக்கு 1,000 மீட்டர் கடிகாரம் வேண்டும் என்று கடைகளில் சொல்கிறார்கள். இது சரியன்று. நொடிக்கு 5 மீட்டர் என்ற, நீந்துபவரால் எளிதில் எட்ட முடியாத வேகத்தில் கையை வீசினாலும், கூடும் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் ஆழத்துக்குத்தான் ஈடாகும். முகப்பில் 30 மீட்டர் என்று எழுதிய சாதாரணக் கடிகாரத்தோடு நீந்தக் கூடாது என்பதற்குக் காரணம் வேறு. சாதாரணக் கடிகாரங்களுக்கான தரவிதி, ஒரு தொகுப்பிலிருந்து சிலவற்றை மட்டும் எடுத்துச் சோதிப்பதை அனுமதிக்கிறது. அவற்றுக்கு முறுக்கி மூடும் திருகும் பெரும்பாலும் இருப்பதில்லை. ரப்பர் சிறிது காய்ந்தாலே மிச்சப் பாதுகாப்பு ஏதும் இராது. முக்குளிப்புக் கடிகாரத்துக்கான ஐ.எஸ்.ஓ. 6425 தரவிதியோ, ஒவ்வொரு கடிகாரத்தையும் குறித்த ஆழத்தைவிட 25 விழுக்காடு கூடுதல் அழுத்தத்தில் சோதிக்கச் சொல்கிறது. உப்புநீர், திடீர் வெப்ப மாற்றம், காந்தப் புலம், அதிர்ச்சி ஆகியவற்றைத் தாங்க வேண்டும். இருட்டில் 25 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து நேரம் தெரிய வேண்டும். இந்தத் தரத்தில் 200 மீட்டர் என்று எழுதியிருக்கும் கடிகாரம், நீங்களும் நானும் இந்தப் பிறவியில் இறங்கப்போகும் எந்த ஆழத்துக்கும் போதும். ஜப்பானிய நிறுவனங்களில் அத்தகைய கடிகாரம் 50,000 ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது.

250 கிராம் எடையை மணிக்கட்டில் சுமந்து பார்த்தால் இன்னும் சில விஷயங்கள் புரியும். 23 மில்லிமீட்டர் தடிப்புள்ள கடிகாரம் சட்டைக் கையின் பொத்தானுக்குள் அடங்காது; படகின் ஏணியைப் பிடித்து ஏறும்போது முதலில் இடிபடுவது அதுதான். பொதுவாக எந்தக் கைக்கடிகாரத்தையும் பட்டையோடு இணைத்துப் பிடித்திருப்பவை இரண்டு மெல்லிய ஸ்பிரிங் கம்பிகளே. ஒன்று நழுவினால் ஆழக்கடலில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. பிரிட்டிஷ் ராணுவம் 1973லேயே இதற்கு ஒரு வழி கண்டது. ஒரே நைலான் பட்டையை இரண்டு கம்பிகளின் ஊடாகவும் செலுத்திவிட்டால், ஒரு கம்பி போனாலும் மற்றொன்றில் கடிகாரம் தொங்கும். 20 லட்ச ரூபாய்க் கடிகாரத்துக்கும் சில நூறு ரூபாய்ப் பட்டை தரும் அந்தப் பாதுகாப்பை, அதன் உலோகச் சங்கிலி தருவதில்லை.

இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாகக் கருதுவது மனத்தடையை. கீறல் விழுமோ, தொலைந்துபோகுமோ, படகில் யாராவது எடுத்துவிடுவார்களோ என்ற அச்சத்தில், பெரும்பாலோர் அத்தகைய கடிகாரத்தை விடுதி அறையின் பெட்டகத்தில் பூட்டிவிட்டு வெறுங்கையோடு கடலில் இறங்குகிறார்கள். என்னிடம் சேவைக்கு வரும் விலை உயர்ந்த டைவ் வாட்சுகளில், பெசலின் இடுக்கில் உப்புப் படிந்திருப்பதைக் காண்பது அரிது. வாசனைத் திரவியமும் சட்டை நூலும்தான் இருக்கும். கடலில் இறங்கக் கூசும் கடிகாரத்தை, அது எவ்வளவு ஆழம் தாங்கினாலும், கருவி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது பகட்டு என்ற சொல்லுக்கு வருகிறேன். டைவ் கம்ப்யூட்டர் வந்து டைவ் வாட்சின் வேலையை எடுத்துக்கொண்ட பிறகு, அதற்கு வேறு வேலை கிடைத்தது: கட்டியிருப்பவரைப் பற்றி நான்கு பேரிடம் ஏதோ ஒன்றைச் சொல்வது. இவர் துணிந்தவர், வசதி படைத்தவர், நுட்பம் அறிந்தவர் என்று அது சொல்கிறது. கோமெக்ஸ் தன் ஊழியர்களுக்கு வேலைக்கருவியாகக் கொடுத்த சப்மரினர்களும் சீ-டுவெல்லர்களும் இன்று ஏலத்தில் பெருந்தொகைக்குப் போகின்றன. வாங்குபவர் எவரும் அவற்றோடு கடலில் இறங்கப்போவதில்லை. ஆனால் 50 வயதில், உழைத்துச் சேர்த்த பணத்தில், மனிதர் கைத்திறனின் உச்சங்களில் ஒன்றைச் சொந்தமாக்கிக்கொள்ள ஆசைப்படுவதை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. நகை வாங்கும்போது அது எதற்குப் பயன்படும் என்று நாம் கேட்பதில்லை. அந்த ஆசையைத் "தொழில்முறைக் கருவி" என்ற பெயரில் உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் நியாயப்படுத்த முயல வேண்டாம் என்பது மட்டுமே என் வேண்டுகோள். பிடித்திருக்கிறது, வாங்க விரும்புகிறேன் என்று அவரிடம் சொல்லுங்கள். அந்தப் பணம் பிள்ளைகளின் படிப்புக்கோ வீட்டுக் கடனுக்கோ உரியதா என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்யலாம். அதற்கு மேல் அது கடிகாரக்காரன் தலையிட வேண்டிய விஷயமில்லை.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். ஆழ்கடல் கடிகாரம் என்ற கைத்திறன்மீதுதான் உங்கள் ஆசை என்றால், அதே ரோலெக்ஸிலோ பிளான்க்பேனிலோ 300 மீட்டர் தாங்கும் கடிகாரங்கள் இருக்கின்றன. சட்டைக் கைக்குள் அடங்கும், நாள்தோறும் கட்டலாம், விலையும் பாதியளவில் முடிந்துவிடும். 11,000 என்ற எண்ணின்மீதுதான் ஆசை என்றால், அதற்கு மாற்று இல்லை; வாங்கும் முன்பு கடையில் அரை மணி நேரமாவது அதைக் கட்டிக்கொண்டு, கையை வீசி நடந்து, ஒரு கையெழுத்துப் போட்டுப் பாருங்கள்.

எதை வாங்கினாலும், எப்போது வாங்கினாலும், ஜனவரிப் பயணத்துக்கு முதலில் ஒரு டைவ் கம்ப்யூட்டரை வாங்கி, புதுச்சேரிக் கடலிலேயே இரண்டு மூன்று முறை பழகிக்கொள்ளுங்கள். அது பழுதானால் துணைக்கு இருக்கட்டும் என்று 200 மீட்டர் தரச்சான்று பெற்ற ஒரு கடிகாரத்தை நைலான் பட்டையில் கட்டிக்கொள்ளுங்கள். பழைய கடிகாரம் என்றால் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே அழுத்தச் சோதனை செய்துவிடுங்கள். படகின் தளத்தில் வெயிலில் காய வைத்துவிட்டு உடனே தண்ணீரில் இறங்க வேண்டாம். இறங்கும் முன்பு சாவித் திருகு முழுவதும் முறுக்கி மூடியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். நீருக்குள் அதைத் தொடவே வேண்டாம். கரை ஏறியதும், திருகு மூடியிருக்கும்போதே, நல்ல தண்ணீரில் சில நிமிடம் ஊற வைத்து, பெசலை ஒரு முழுச் சுற்றுத் திருப்பி அடியில் உள்ள உப்பையும் மணலையும் கழுவிவிட்டு, மென்துணியால் ஒற்றி எடுங்கள். முழுவதும் உலர்ந்த பிறகே நேரத்தைத் திருத்துங்கள்.